எருசலேம் யாருக்கு? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க அப்பார்ட்மென்ட் தமிழ் வாட்ஸ்அப் க்ரூப்ல எருசலேம் யாரோடதுன்னு ஒரே சண்டை. யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம், இவங்கள்ல யார் முதல்ல வந்தது? மழுப்பாம சொல்லுங்க சார்.
(வாசகி, மயூர் விஹார்)

பதில்: மழுப்பாம சொன்னா, மூணு பேருக்கும் முன்னாடியே அங்க ஊர் இருந்துச்சும்மா. எபூசியர்ங்கற பழைய ஜனங்ககிட்டேர்ந்து யூத ராஜா தாவீது பிடிச்சாருன்னு பைபிளே சொல்லுது. அப்புறம் எழும்பின யூதர் கோயிலை கி.மு. 586ல பாபிலோன்காரன் இடிச்சான், திரும்பக் கட்டினதை கி.பி. 70ல ரோமாபுரிக்காரன் இடிச்சான், 4ஆம் நூற்றாண்டுல ரோமாபுரி சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் இயேசுவோட கல்லறைன்னு நம்பின இடத்துல சர்ச் கட்டினாரு, 638 வாக்குல ஊர் முஸ்லிம்களோட தலைவர் கலீஃபா உமர் கைக்கு வந்துச்சு, இப்ப தங்கமா மின்னுதே அந்தக் குவிமாடம், அதை பழைய கோயில் மேட்டு மேலயே 692 வாக்குல இன்னொரு கலீஃபா அப்துல் மலிக் எழுப்பினாரு, 1099ல ஐரோப்பாவுலேர்ந்து வந்த கிறிஸ்தவ சிலுவைப் போர்க்காரங்க புகுந்து முஸ்லிம் யூதர்னு பார்க்காம வெட்டினாங்க, 1187ல முஸ்லிம் சுல்தான் சலாஹுதீன் திருப்பிப் பிடிச்சாரு. உங்க க்ரூப்ல ஆளுக்கொரு வருஷத்தைப் பிடிச்சுத் தொங்கறாங்க, அவ்ளோதான் விஷயம்.

இப்போதைய வழக்கு தனி. 1947ல ஐ.நா. இந்த ஊர் யாருக்கும் வேணாம், சர்வதேச நிர்வாகத்துல இருக்கட்டும்னுச்சு, நடக்கல. 1948 போருக்கப்புறம் மேற்குப் பக்கம் இஸ்ரேல், பழைய நகரமும் சேர்த்துக் கிழக்குப் பக்கம் ஜோர்டான், அந்தப் பழைய நகரத்துக்குள்ள இருக்கற யூதர்களோட புனித இடமான மேற்கு மதில்கிட்ட 19 வருஷம் அவங்களால போக முடியல. 1967ல கிழக்கையும் இஸ்ரேல் பிடிச்சுது, 1980ல முழு ஊரும் எங்க தலைநகர்னு சட்டம் போட்டுச்சு, செல்லாதுன்னு பாதுகாப்பு கவுன்சில் சொல்லிடுச்சு. கிழக்கு எங்க தலைநகர்னு பாலஸ்தீனர்கள் நிக்கறாங்க.

மதம் விட்டு மதம்தான் சண்டைன்னு நினைக்காதீங்க. அந்தக் கல்லறை சர்ச்சுக்குள்ள ஆறு கிறிஸ்தவ சபைக்குப் பங்கு உண்டு, எந்தத் தூண், எந்தப் படி யாரு பெருக்கணும்ங்கற வரைக்கும் வழக்கம் இருக்கு. வாசலுக்கு மேல ஜன்னல்ல ஒரு மர ஏணி நிக்குது, 18ஆம் நூற்றாண்டு படத்துலயே இருக்கு, எடுத்தா யாருக்கு உரிமைன்னு பிரச்சனை வரும்னு எவனும் தொடறதில்ல. 2002ல கூரை மேல காவலுக்கு உக்காந்திருந்த காப்டிக் (எகிப்து கிறிஸ்தவ சபை) துறவி ஒருத்தர் வெயில் தாங்காம நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினாரு, எத்தியோப்பியத் துறவிங்க எங்க இடத்தைப் பிடிக்கறான்னு கிளம்பிட்டாங்க, 11 பேருக்கு அடி! சர்ச் சாவி மட்டும் ரெண்டு முஸ்லிம் குடும்பத்துகிட்ட, ஒருத்தர் சாவி வச்சிருப்பாரு, இன்னொருத்தர் கதவைத் திறப்பாரு. உள்ளே இருந்து சின்ன ஏணியை நீட்டுவாங்க, அதுல ஏறித்தான் மேல் பூட்டைத் திறக்கணும். எந்த சபைக்கும் மத்தவன் கையில சாவியைக் குடுக்க மனசு வராதப்போ இதான் நடைமுறைக்கு ஒத்துவந்த ஏற்பாடு, எனக்கு அந்த ஊர்லயே புத்திசாலித்தனமான விஷயம் இதுதான்.

கேள்வி: நம்ம தீன் மூர்த்தி சிலைக்கும் எருசலேமுக்கும் சம்பந்தம் உண்டாமே?
(வாசகர், கரோல் பாக்)

பதில்: பஸ்ல தினம் தாண்டிப் போறோம், யாரும் நிமிர்ந்து பார்க்கறதில்ல. மைசூர், ஹைதராபாத், ஜோத்பூர் குதிரைப்படைக்காரங்க நினைவா வச்சது அது. ஆனா பேர் வாங்கினது முதல் உலகப் போர்ல, இப்ப இஸ்ரேல்ல இருக்கற ஹைஃபா ஊர்ச் சண்டையில, 1918 செப்டம்பர் 23. அதனாலதான் 2018ல தீன் மூர்த்தி ஹைஃபா சௌக்னு பேர் மாத்தினாங்க. எருசலேம் அதுக்கு முந்தின வருஷமே டிசம்பர்ல பிரிட்டிஷ் கைக்கு வந்தாச்சு, பிரிட்டிஷ் ஜெனரல் ஆலன்பி குதிரையை விட்டு இறங்கி யாஃபா வாசல் வழியா நடந்தே உள்ள போனாரு, அந்தக் குவிமாடத்தைச் சுத்திக் காவலுக்கு இந்திய முஸ்லிம் சிப்பாய்களை நிறுத்தினாரு.

டில்லிக்காரங்களுக்கு இன்னொரு ஒட்டும் உண்டு. பழைய நகரத்துல ஏரோது வாசல் பக்கம் இந்தியர் தங்கற சத்திரம் ஒண்ணு இருக்கு, சூஃபி ஞானி பாபா ஃபரீத் அங்க தியானம் பண்ணினதா ஐதீகம். நிஜாமுதீன் அவுலியாவோட குரு அவர்தான். 1924லேர்ந்து சஹரன்பூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒண்ணு அதைப் பார்த்துக்குது.

கேள்வி: கல்லறை சர்ச், மேற்கு மதில், தங்கக் குவிமாடம் இருக்கற மசூதி மேடு, மூணு இடத்தையும் ஒரே நாள்ல பார்த்துடலாமா?
(வாசகர், முனிர்கா)

பதில்: தூரம் ஒண்ணுமே இல்ல, பழைய நகரமே ஒரு சதுர கிலோமீட்டருக்குள்ள அடங்கும். ஆனா முஸ்லிம் இல்லாதவங்களுக்கு மசூதி மேட்டுக்கு ஒரே ஒரு வாசல், குறிப்பிட்ட நேரம் மட்டும், வெள்ளி சனி கிடையாது, குவிமாடத்துக்குள்ள விடவே மாட்டாங்க. நிலவரம் சூடா இருந்தா அதையும் மூடிடுவாங்க, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி நம்ம தூதரக அறிவிப்பைப் பார்த்துக்குங்க.