மின்சாரம் இல்லாத கோடையில் வீட்டுக்குள் வெப்பத்தைச் சமாளிப்பது எப்படி?

நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாத கோடையில், வயதான தாயையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு மேல்மாடி வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பல ஆண்டுகளாகக் கான்கிரீட் கூரைக்கு நேர்கீழே உள்ள தளத்தில்தான் குடியிருக்கிறேன். என் அனுபவத்தில், மின்விசிறி நின்ற பிறகு செய்கிற எதுவும் அரைப் பலன்தான் தருகிறது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே செய்து வைப்பவைதான் அன்றைய பகலையும் இரவையும் தீர்மானிக்கின்றன. உள்ளே நுழைந்துவிட்ட வெப்பத்தை மின்சாரம் இல்லாமல் வெளியேற்றுவது மிகக் கடினம். ஆகவே அது எந்த வழியாக நுழைகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

மேல்தளத்தில் முதல் வழி கூரை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறத்தாழ 1000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. கோடையில் சூரியன் உயரத்தில் நிற்பதால் சுவர்களைவிடக் கூரைதான் அதைக் கூடுதலாக வாங்குகிறது. கறுத்துப்போன மொட்டை மாடித் தளம் 60 டிகிரி செல்சியஸையும் தாண்டிவிடும். அந்தச் சூடு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி, மூன்று நான்கு மணி நேரம் கழித்துத்தான் அடிப்பக்கத்தை வந்தடைகிறது. மாலையில் வெளியே காற்று இதமான பிறகும் அறைக்குள் தகிப்பது இதனால்தான். அந்த நேரத்தில் கூரையின் அடிப்பக்கத்துக்கு அருகே உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமலே சூடு தெரியும். அதே கதிர்வீச்சுதான் கீழே படுத்திருப்பவர் உடம்பிலும் இரவு நெடுநேரம் விழுந்துகொண்டிருக்கிறது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் தாய். 2003ஆம் ஆண்டு ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலையில் 70,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர், அவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள். கூரைக்கு நேர்கீழே படுக்கையறை இருந்தது ஆபத்தைக் கூட்டிய காரணங்களில் ஒன்று என்று அங்கே பிறகு நடந்த ஆய்வு காட்டியது. எனவே, கடும் வெயில் அடிக்கும் நாட்களில் கீழ்த்தளத்தில் யார் வீட்டிலாவது பகலிலும் முன்னிரவிலும் உங்கள் தாய் இருக்க இடம் கிடைக்குமானால், தயங்காமல் கேட்டுவிடுங்கள். நான் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும்விட அதற்குப் பலன் அதிகம்.

கூரைக்கு வருவோம். மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடியது வெள்ளை பூசுவது. சுண்ணாம்பு போதும், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு கிடைத்தால் இன்னும் நல்லது. வெள்ளைத் தளத்துக்கும் கறுத்த தளத்துக்கும் நண்பகலில் 20 டிகிரிக்கு மேல்கூட வேறுபாடு இருக்கும். தூசி படியப் படியப் பலன் குறைந்துகொண்டே வரும் என்பதால் அவ்வப்போது கழுவிவிட வேண்டும், கோடைக்கு முன்பு மறுபடி பூச வேண்டும். தகரக் கூரை என்றால் அது பளபளப்பாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். பூச்சில்லாத உலோகம் வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பினாலும், ஏறிய சூட்டைக் கதிராக வெளியே விடுவதில் மிக மோசம். வெள்ளை பூசிய தகரம் அதைவிடக் குளிர்ந்தே இருக்கும்.

வெள்ளையையும்விட நல்லது நிழல். தோட்டங்களுக்குப் போடும் நிழல்வலையையோ மூங்கில் தட்டியையோ கூரைக்கு மேலே ஓரடி, இரண்டடி உயரத்தில் கட்டுங்கள். அந்த இடைவெளி மிக முக்கியம். வெயிலில் வலை சூடாகும், ஆனால் இடையில் ஓடும் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். வலையைத் தளத்தின் மீதே விரித்தால் பாதிப் பலன் போய்விடும். வாடகை வீடு, பூச அனுமதி இல்லை என்றாலும் இந்த வலையைக் கட்டி, கோடை முடிந்ததும் கழற்றிவிடலாம். காற்றுக்குப் பறக்காதபடி நன்றாக இழுத்துக் கட்டுங்கள். தண்ணீருக்குப் பஞ்சமில்லாத இடமானால், பொழுது சாயும் நேரத்தில் தளத்தில் தண்ணீர் தெளிப்பதும் இரவைக் கொஞ்சம் இலகுவாக்கும்.

அடுத்தது ஜன்னல். இங்கே பலரும் தடித்த திரைச்சீலையை நம்புகிறார்கள். உள்ளே தொங்கும் சீலை வெளிச்சத்தை மறைக்கும், ஆனால் வெயில் அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. சீலையில் பட்டுச் சூடாகி, அந்தச் சூடு அறையிலேயே தங்கிவிடுகிறது. மறைப்பைக் கண்ணாடிக்கு வெளியே வையுங்கள். தட்டி, பழைய போர்வை, சாக்கு, பலகை எதுவானாலும் சரி. வெளியே கட்ட வழியே இல்லாவிட்டால், அட்டையில் அலுமினியத் தாளை ஒட்டி, பளபளப்பான பக்கம் வெளியே பார்க்கும்படி கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். கிழக்கு, மேற்கு ஜன்னல்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக வருவதால் ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் சன்ஷேடு அதைத் தடுக்காது, நேராகத் தொங்கும் மறைப்புதான் தடுக்கும். மேற்குச் சுவர் வெயிலில் காய்ந்து மாலையில் சூட்டை உள்ளே விடும். கட்டிலை அதன் ஓரத்திலிருந்து நகர்த்திவிடுங்கள்.

ஜன்னல்களை எப்போது திறப்பது, எப்போது மூடுவது? என் வீட்டில் மிகப் பெரிய மாற்றத்தைத் தந்தது இதுதான், செலவும் அதிகமில்லை. இரண்டு சாதாரண வெப்பமானிகளை வாங்கி, ஒன்றை அறைக்குள்ளும் மற்றொன்றை வெளியே நிழலிலும் மாட்டுங்கள். வெளியே உள்ளதைவிட உள்ளே சூடு கூடுதலாக இருக்கும்போதெல்லாம் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். வெளியே கூடத் தொடங்கியதும் மூடி, வெயில் படும் பக்கத்தை மறைத்துவிடுங்கள். வழக்கமாக இரவில் தொடங்கி விடிந்து சற்று நேரம் வரை திறந்திருக்கும். விடியற்காலைதான் நாளின் மிகக் குளிர்ந்த நேரம், அப்போது திறந்து வைக்கத் தவறவே கூடாது. எதிரெதிர்ப் பக்கங்களில் திறந்தால் காற்று குறுக்கே ஓடும். மாடிப்படியின் மேல்கதவு திறக்கக்கூடியதாக இருந்தால் அதையும் கீழே ஒரு ஜன்னலையும் திறந்து வையுங்கள். சூடான காற்று மேலே வெளியேற, கீழிருந்து குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும். ஈரானின் யாஸ்து நகர வீடுகளின் காற்றுக் கோபுரங்கள், மேலே வீசும் காற்றை உள்ளே இறக்குவதோடு இந்த வேலையையும் செய்கின்றன.

பகலில் மூடுவது என்ற இந்த முறை எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. கனமான சுவரும் தளமும் இரவின் குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும், அந்த வீடுகளுக்குத்தான் இது. தகரம், ஆஸ்பெஸ்டாஸ் போன்ற மெல்லிய கூரை போட்ட வீடு வெயில் ஏறியதுமே வெளியைவிடச் சூடாகிவிடும். அதை மூடினால் நிலைமை மோசமாகும். நாள் முழுக்கத் திறந்து வைத்து, கூரைக்குக் கீழே சற்று இடைவெளி விட்டுத் தட்டியோ துணியோ கட்ட வேண்டும். இரவிலும் குளிராத புழுக்கமான ஊர்களிலும் மூடி வைப்பதால் பெரிய பலன் இல்லை. அங்கே நிழலையும் காற்றோட்டத்தையும்தான் நம்ப வேண்டும். வெப்பமானியைப் பார்த்தாலே உங்கள் வீடு எந்த வகை என்பது ஓரிரு நாளில் தெரிந்துவிடும்.

ஈரத் துணி பற்றியும் கேட்டிருந்தீர்கள். தண்ணீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, ஒரு லிட்டர் ஆவியாக ஏறத்தாழ 2400 கிலோஜூல் வேண்டும். ஆனால் காற்று வறண்டிருந்தால்தான் தண்ணீர் விரைவாக ஆவியாகும். 40 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை, ஈரத்தைக் கொண்டு ஏறத்தாழ 23 டிகிரி வரை குளிர்விக்க இடமிருக்கிறது. 35 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் என்றால் எல்லை ஏறத்தாழ 31 டிகிரி. எனவே வறண்ட காற்று வீசும் ஊரில், காற்று உள்ளே வரும் ஜன்னலில் ஈரத் துணியைத் தொங்கவிட்டு, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள், பலன் நன்றாகவே தெரியும். புழுக்கமான ஊரில் இதைச் செய்யாதீர்கள். அறையில் ஈரம் கூடினால் வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. மூடிய அறையில் தரையை நனைப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சமையலை விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஓர் அடுப்போ அதைப்போலப் பல மடங்கு வெளியிடும்.

அறையைக் குளிர்விக்க முடியாத நேரத்தில் உடம்பைக் குளிர்விக்கலாம், அதற்குத் தண்ணீர் குறைவாகவே போதும். பருத்திச் சட்டையை நனைத்து அணிவது, கழுத்தில் ஈரத் துண்டு, கால்களை ஒரு வாளித் தண்ணீரில் வைத்துக்கொள்வது, முழங்கை வரை கைகளை நீரில் அமிழ்த்துவது எல்லாமே பயன் தரும். கைவிசிறியை ஈர உடம்பின் மீது வீசுங்கள். நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாக இருக்கும்போது காய்ந்த உடம்பின் மீது வீசினால் வெப்பம் உடம்பில் ஏறவே செய்யும். மின்விசிறியைக்கூட 40 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது மட்டுமே பயன்படுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் தொட்டிலைத் துணியால் மூடாதீர்கள், உள்ளே காற்று ஓடாமல் சூடு ஏறிவிடும்.

இரவில் தடித்த மெத்தையை விட்டு, கயிறோ நாடாவோ பின்னிய கட்டிலிலோ தரையிலோ படுங்கள். சுற்றுச்சுவர் உள்ள மொட்டை மாடியில், தெளிந்த வானத்தின் கீழ் படுப்பது அறையைவிட நன்றாகவே இருக்கும். கொசுவலை அவசியம். வீட்டுக்குள் பகலில் 32 டிகிரிக்கும் இரவில் 24 டிகிரிக்கும் கீழே இருப்பது நல்லது என்று அதே நிறுவனம் சொல்கிறது. பல இடங்களில் 24 எட்டாத எண்ணிக்கைதான். எட்டவில்லை என்றால் உங்கள் தாய்க்குப் படுக்கும் முன் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிடுங்கள், நடுவில் எழுந்து ஒருமுறை பாருங்கள்.

வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. அதனால் கேட்காவிட்டாலும் நேரம் பார்த்துத் தண்ணீர் கொடுங்கள். இதய நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுகிறார் என்றால் எவ்வளவு தண்ணீர், மருந்தில் மாற்றம் வேண்டுமா என்பதைக் கோடை தொடங்கும்போதே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். பேச்சு குழறுவது, இருக்குமிடம் புரியாமல் தடுமாறுவது, எழுப்பினால் சரியாக விழிக்காதது ஆகியவை வெப்பத்தாக்கத்தின் அறிகுறிகள். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. உடனே ஆம்புலன்சை அழையுங்கள். அது வந்து சேரும்வரை காத்திருக்காமல் உடையைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். முழு நினைவோடு இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள்.