கயிற்றை இழுத்தவனுக்கு என்ன நடக்கும்?

வணக்கம் சார்,

கோவைக்குப் பக்கத்தில் பம்ப், வால்வு கம்பெனிகளுக்கு மெஷினிங் செய்து கொடுக்கும் யூனிட் ஒன்றை நடத்துகிறேன். அப்பா இரண்டு லேத்தோடு ஆரம்பித்தது. இன்று மூன்று ஷிஃப்டும் சேர்த்து 160 பேர். பாதிக்கு மேல் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள்.

எம்பிஏ முடித்துப் பொறுப்பெடுத்ததும், கம்பெனிக்கு ஒரு நல்ல கல்ச்சர் வேண்டும் என்று நிறையச் செய்தேன். கன்சல்டன்ட் ஒருவரை வைத்து ஐந்து விழுமியங்கள் எழுதி, தமிழிலும் இந்தியிலும் சுவரெல்லாம் மாட்டினோம். பிறந்தநாளுக்குக் கேக், ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு விருந்து, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டிஷர்ட். போன மாதம் ஒரு லாட் முழுதும் திரும்பி வந்துவிட்டது. போர் சைஸ், அதாவது துளையின் அளவு, கூடிப்போயிருக்கிறது. விசாரித்தால், நைட் ஷிஃப்ட் ஆபரேட்டருக்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே தெரிந்திருக்கிறது. பக்கத்து மெஷின்காரனுக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. சொன்னால் சூப்பர்வைசர் திட்டுவார் என்கிறான்.

நம் ஆட்களின் மனநிலையே இப்படித்தானா? இதை எப்படி மாற்றுவது? அந்த சூப்பர்வைசர் அப்பா காலத்து ஆள், வேலையில் புலி. அவரை என்ன செய்வது?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த நைட் ஷிஃப்ட் பையனின் பதில். அவன் கணக்குப் போட்டிருக்கிறான். சொன்னால் திட்டு இப்போதே, எல்லார் முன்னாலும் விழும். சொல்லாவிட்டால் லாட் கஸ்டமரிடம் போய்த் திரும்பி வரவே பல நாளாகும். அதற்குள் எந்த மெஷின், எந்த ஷிஃப்ட் என்று யார் கண்டது? கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கணக்கு அப்படி வரும்படி உங்கள் கம்பெனி நடக்கிறது என்பதுதான் விஷயம். அந்த ஐந்து விழுமியங்களில் 'நேர்மை' கட்டாயம் ஒன்றாக இருந்திருக்கும். அதை இந்தியில் படித்துவிட்டுத்தான் அவன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான்.

ஆட்கள்தான் காரணம் என்று நினைக்கும் முதலாளிகளுக்கு நான் சொல்வது ஃப்ரீமான்ட் கதை. கலிஃபோர்னியாவில் இருக்கும் அந்த ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கார் தொழிற்சாலை வைத்திருந்தது. அந்த நிறுவனத்தின் தொழிற்சாலைகளிலேயே படுமோசமான பெயர் எடுத்தது அது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். வந்தவர்களிலும் சிலர் உள்ளேயே குடிப்பார்கள், சூதாடுவார்கள். வாங்குகிறவன் கடகட சத்தம் கேட்டு எரிச்சலடையட்டும் என்று கார் கதவுக்குள் கோக் பாட்டிலைப் போட்டு மூடியவர்களும் உண்டு. நிர்வாகமும் லேசுப்பட்டதல்ல. அங்கே மீறவே முடியாத விதி ஒன்றுதான்: கார்கள் நகர்ந்தபடியே பூட்டப்படும் லைன் நிற்கக் கூடாது. தப்பான பாகத்தை மாட்டியிருந்தாலும் கார் நகர்ந்தாக வேண்டும். பிறகு யார்டில் வைத்துப் பிரித்துச் சரிசெய்துகொள்ளலாம். 1982-இல் இழுத்து மூடினார்கள்.

1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து அதே கட்டடத்தைத் திறந்தன. 'நம்மி' என்று பெயர். நிர்வாகம் டொயோட்டாவின் கையில். தொழிற்சங்கம் பழையதே. வேலைக்கு எடுத்தவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பழைய ஆட்கள். அவர்களில் சில நூறு பேரை ஜப்பானுக்கு, டொயோட்டாவின் டகாவோகா ஆலைக்கு அனுப்பி வேலை பழக்கினார்கள். ஓரிரு வருடத்தில், வேலைக்கு மட்டம் போடுவது 20 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு இறங்கியது. காரின் தரம் டகாவோகாவுக்கு ஈடாக வந்தது. பாட்டில் போட்ட அதே கைகள்!

அங்கே என்ன மாறியது என்று கேட்டால் எல்லாரும் கயிற்றைத்தான் காட்டுவார்கள். அண்டான் கயிறு என்பார்கள். லைனை ஒட்டி, கை எட்டும் உயரத்தில் ஓடும். ஒரு கார் ஒரு தொழிலாளியைக் கடந்து போக ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்குள் போல்ட் சரியாக உட்காரவில்லை என்றால் அவர் கயிற்றை இழுக்க வேண்டும். உடனே ஒரு மெட்டு ஒலிக்கும். மேலே உள்ள பலகையில் அவர் இருக்கும் இடத்துக்கான விளக்கு எரியும். ஆனால் லைன் அந்த நொடியே நின்றுவிடாது. கார் அவருடைய எல்லைக்கோடு வரை போய்க்கொண்டிருக்கும். அதற்குள் டீம் லீடர் வந்துவிடுவார். இருவரும் சேர்ந்து சரிசெய்துவிட்டால் கயிற்றை இன்னொரு முறை இழுத்துவிட்டு வேலையைத் தொடரலாம். முடியாவிட்டால்தான் லைன் நிற்கும்.

இதில் கயிறு மலிவு. ஓடி வருகிற ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதுதான் செலவு. நாலைந்து பேருக்கு ஒரு டீம் லீடர் என்று வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் வருவது அவருடைய வேலையில் பெரும்பகுதி. தவறு யாருடையது என்பதை அவர் கேட்பதில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுக் கையை வைப்பார். சிக்கலைச் சொல்பவனுக்கு அடுத்த ஒரு நிமிடத்தில் உதவி வருகிறது. பழைய ஃப்ரீமான்டிலோ அவனுக்கு வசவு வந்தது. மனநிலையை மாற்ற யாரும் அங்கே வகுப்பு எடுக்கவில்லை. செய்கிற காரியம் மாறியது. மனம் பின்னால் வந்து சேர்ந்தது. டொயோட்டா பக்கமிருந்து இந்தப் பயிற்சியில் வேலை பார்த்த அமெரிக்கர் ஜான் ஷூக்கும் இதையேதான் சொல்லிவருகிறார்.

இன்னொன்றும் செய்தார்கள். ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுத்தார்கள்: நிறுவனமே தாங்காது என்கிற நெருக்கடி வந்தாலொழிய ஆட்குறைப்பு இல்லை, வந்தாலும் முதலில் அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைப்போம், வெளியே கொடுத்த வேலைகளை உள்ளே கொண்டுவருவோம், அதற்குப் பிறகுதான் தொழிலாளி. 1980களின் கடைசியில் விற்பனை படுத்தபோது இதற்குச் சோதனை வந்தது. உற்பத்தியைக் குறைத்தார்களே தவிர யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. உபரியாக இருந்தவர்களைப் பயிற்சியிலும் லைனைச் சீர்படுத்தும் வேலையிலும் உட்கார வைத்தார்கள். தொழிலாளிகளுக்கு முழு நம்பிக்கை வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். நல்ல காலத்தில் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நிமிடத்தில் ஒரு நொடிகூட மூச்சுவிட இடமில்லாமல் பிழிகிறார்கள் என்று அந்தத் தொழிற்சங்கத்துக்குள்ளேயே ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகிக் கூட்டிலிருந்து விலகியது; 2010 ஏப்ரலில் நம்மியும் மூடப்பட்டது. கட்டடம் இப்போது டெஸ்லாவிடம். டொயோட்டாவும் பிற்பாடு, கார் தானாக வேகமெடுத்த விவகாரத்தில் உண்மையை மறைத்ததற்காக 2014-இல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டியது.

உங்களுக்கு இதைவிடப் பயன்படுவது ஜெனரல் மோட்டார்ஸ் என்ன கற்றுக்கொண்டது என்பது. கூட்டாளி என்பதால் நம்மியின் உள்ளே எல்லாவற்றையும் பார்க்க அவர்களுக்கு அனுமதி இருந்தது. ஆட்களை அனுப்பினார்கள், பழகிவிட்டுப் போய் மற்ற ஆலைகளில் சொன்னார்கள். மேலதிகாரி ஒருவர், ஒவ்வொரு அங்குலத்தையும் படம் எடுத்து நம் ஆலையையும் அப்படியே ஆக்கு என்றாராம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வான் நைஸ் ஆலையில் முயன்று பார்த்தார்கள். எடுபடவில்லை. மேனேஜரின் போனஸ் எத்தனை கார் வெளியே போனது என்பதில் தொங்கிக்கொண்டிருந்தால் கயிற்றை எவன் இழுக்க விடுவான்? 1992-இல் அந்த ஆலையும் மூடப்பட்டது.

கற்றுக்கொள்ளாததன் விலை பின்னால் தெரிந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் சில கார்களில் சாவி ஸ்விட்ச் ஓடும்போதே நழுவும். இன்ஜின் அணையும், மோதினால் காற்றுப்பையும் திறக்காது. கம்பெனிக்குள் சிலருக்குப் பத்து வருடத்துக்கும் மேலாகத் தெரியும். 2014-இல்தான் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட இறப்புகள் மட்டும் 124. நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர் ஆன்டன் வலூகாஸின் விசாரணை அறிக்கையில் இரண்டு பழக்கங்கள் வருகின்றன. ஒன்று, கூட்டத்தில் முடிவெடுக்கும்போது எல்லாரும் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் ஒருவரும் ஒன்றும் செய்யாமல் இருப்பது. இன்னொன்று, கைகளைக் கட்டிக்கொண்டு விரல்களை இரண்டு பக்கமும் அடுத்தவரை நோக்கி நீட்டுவது. இரண்டுக்கும் கம்பெனிக்குள்ளேயே பட்டப்பெயர் வைத்திருந்தார்களாம். உங்கள் வாட்ஸப் குரூப்பில் வரும் 'ஓகே சார்'களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

சரி, உங்கள் ஷெட்டுக்கு வருவோம். அண்டான் கயிறு கட்டச் சொல்லவில்லை. நைட் ஷிஃப்டில் ஒரு பையனுக்கு துளையை அளக்கும் போர் கேஜில் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியுமா? அந்த ஆள் எழுந்து வருவாரா? வந்தவருக்கு மெஷினில் ஆஃப்செட் (வெட்டும் அளவுக்கான திருத்தம்) மாற்றத் தெரியுமா, தேய்ந்த இன்சர்ட்டை (வெட்டும் முனையை) மாற்ற ஸ்டோர் சாவி கையில் இருக்குமா? ராத்திரி இரண்டு மணிக்கு இதற்கெல்லாம் பதில் இல்லை என்றால், சொல்லு சொல்லு என்று காலைக் கூட்டத்தில் அவனிடம் சொல்வது வீண். ஆறு ஏழு மெஷினுக்கு ஒருவர் என்று, செட்டிங் தெரிந்த ஆளாகப் பார்த்து நைட்டுக்குப் போடுங்கள். கொஞ்சமாவது இந்தி பேசுகிறவராக இருக்கட்டும். பயத்தோடு வேற்று மொழியில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி கஷ்டம் வேறில்லை. கேக் செலவை நிறுத்தினாலே இந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு வந்துவிடும் என்று தோன்றுகிறது. விருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள், அது நல்ல வழக்கம்.

அப்புறம், முதலில் சொல்ல வருபவன் யாரோ, அவன் விஷயத்தை மொத்த ஷாப்பும் பார்த்துக்கொண்டிருக்கும். நாற்பது பீஸ் போச்சு என்று ஒருவன் வந்து நிற்பான். அன்றைக்கு உங்களுக்கு டிஸ்பாட்ச் அவசரமாக இருக்கும். உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பது டீ இடைவேளைக்குள் ஒடியாவிலும் போஜ்புரியிலும் பரவிவிடும். நஷ்டத்தை அவன் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

சூப்பர்வைசர் விஷயம். அல்கோவா என்ற அலுமினிய நிறுவனத்துக்கு 1987-இல் தலைவரான பால் ஓ'நீல், லாபத்துக்கு முன்னால் தொழிலாளிக்கு அடிபடக் கூடாது என்று ஆரம்பித்தவர். எந்த விபத்தும் உடனே மேலே தெரிய வேண்டும் என்பது அவர் வைத்த விதி. 1996-இல் மெக்சிகோ ஆலை ஒன்றில் வாயுவால் தொழிலாளர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனது தலைமையகத்துக்கு வரவில்லை. பங்குதாரர் கூட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரீ எழுந்து கேட்டுத்தான் வெளிவந்தது. ஓ'நீல் அந்தப் பிரிவின் தலைவரை வேலையைவிட்டே எடுத்தார். நீண்ட கால அனுபவஸ்தர், பிரிவை நன்றாக வளர்த்துக்கொண்டிருந்தவர். தவறு நடந்ததற்காக இல்லை, மறைந்து கிடந்ததற்காக.

இதைப் படித்துவிட்டு உங்கள் ஆளை நாளைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடாதீர்கள். அல்கோவாவில் விதி முதலிலேயே இருந்தது. உங்களிடம் இன்னும் இல்லை. அவர் திட்டுவது ஏன் என்று பாருங்கள். காலையில் நீங்கள் அவரிடம் கேட்கும் முதல் கேள்வி எத்தனை பீஸ் போனது என்பதாக இருந்தால், அவர் இன்சென்டிவும் அதில்தான் கட்டப்பட்டிருந்தால், நீங்கள் கேட்பதைத்தான் அவர் சத்தமாகக் கீழே கேட்கிறார். முதலில் அதை மாற்றுங்கள். மெஷினிலேயே பிடிபட்ட ரிஜெக்‌ஷனுக்கு அவருக்குக் கெட்ட பெயர் வேண்டாம். கஸ்டமரிடம் போய்த் திரும்பியதற்கு மட்டும் அவர் பதில் சொல்லட்டும். இதைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். ஆறு மாதம் கொடுங்கள். மாறிவிட்டால் அவரைவிட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். மாறவில்லை என்றால் ஆட்களை மேய்க்கும் பொறுப்பிலிருந்து எடுத்து, பாகத்தை மெஷினில் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சர் போடவும் புது ஜாப் செட்டிங்குக்கும் வையுங்கள். சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.