தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா? அறுபதுக்குப் பிறகு யோகா: வாசகர் கேள்வி-பதில்

கே: வயது 64. வங்கி வேலையில் முப்பத்தைந்து வருஷம் நாற்காலியிலேயே கழிந்தது. கோவை நானம்மாள் பாட்டி தொண்ணூறு வயதுக்கு மேலும் உடம்பை வளைத்த வீடியோவைப் பார்த்து வீட்டில் முயன்றேன். இடுப்பு பிடித்துக்கொண்டு நாலு நாள் படுக்கை. இந்த வயதில் ஆரம்பிப்பதே தப்பா?
– வாசகர், தஞ்சாவூர்

ப: தப்பே இல்லை. தொடங்கிய ஆசனம்தான் உங்களுக்கானது இல்லை. 2018-ல் பத்மஸ்ரீ பெற்ற நானம்மாள் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டு, 2019-ல் 99 வயதில் மறையும் காலம்வரை பழகி வந்தவர். அத்தனை வருஷம் பழகிய முதுகு செய்வதை, மேசைமுன் குனிந்தே இருந்த முதுகிடம் ஒரே நாளில் கேட்க முடியாது.

முதலில் உங்கள் கால் பலத்தை அளந்துகொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத, சுமார் 17 அங்குல உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுவரை ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12. 65 முதல் 69 வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11. இதற்குக் கீழே வந்தால் தொடை பலம் குறைந்திருக்கிறது, தடுமாறி விழும் வாய்ப்பு கூடியிருக்கிறது என்று பொருள். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் கணக்கு பூஜ்யம். அதையும் தேதி போட்டுக் குறித்துவையுங்கள்; ஆறு வாரம் கழித்து ஒப்பிட அதுதான் உதவும்.

முதல் மாதத்துக்கு வாரம் மூன்று நாள், நாளுக்கு 25 நிமிஷம் போதும். சமையல் மேடையைப் பிடித்தபடி, நிமிர்ந்து நேராக நிற்கும் தாடாசனத்தில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது 10 முறை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவது 8 முறை. உட்காரும்போது 'தொப்'பென்று விழாமல் மூன்று எண்ணி இறங்குங்கள், பலம் கூட அந்த இறக்கமும் உதவும். பிறகு கட்டிலிலோ பாயிலோ படுத்து, முழங்கால் மடக்கி, மூச்சை இழுத்தபடி இடுப்பை உயர்த்தி, விட்டபடி இறக்கும் சேதுபந்தாசனம் 6 முறை. கடைசியாகக் கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வைத்து ஐந்து நிமிஷம் படுத்திருங்கள். பிடித்த இடுப்பு முழுதாகச் சரியான பிறகே இதில் இறங்குங்கள். வலி காலில் இறங்கினாலோ மரத்துப்போனாலோ முதலில் டாக்டர்.

நாற்காலியை வைத்துச் செய்வதில் கூச்சம் வேண்டாம். யோகா ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) சென்னையில் வாழ்ந்த பிற்காலத்தில் ஒவ்வொருவரின் வயதும் உடல்நிலையும் பார்த்துத் தனித்தனியாகப் பயிற்சி வகுத்துக் கொடுத்தவர். அவருடைய மாணவர் பி.கே.எஸ். அய்யங்கார் நாற்காலி, பெல்ட், மரக்கட்டை எல்லாவற்றையும் பயிற்சிக்குள் கொண்டுவந்தார்.

கே: வயது 68. தனியாக இருக்கிறேன். மகன் வெளிநாட்டில். போன மாதம் பூஜை அறையில் தரையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. வேலைக்கார அம்மா வரும்வரை ஒரு மணி நேரம் அப்படியே இருந்தேன். அடி ஏதும் இல்லை. ஆனால் பயம் போகவில்லை.
– வாசகி, கும்பகோணம்

ப: உங்களுக்கு எந்த ஆசனத்தையும்விட இதுதான் முதல் பாடம். தரையிலிருந்து எழுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும்.

படுத்த நிலையிலிருந்து தொடங்குவோம். இரண்டு முழங்காலையும் மடக்கி வலப்பக்கமாகப் புரண்டு ஒருக்களித்துப் படுங்கள். இடது உள்ளங்கையை மார்புக்கு முன்னால் தரையில் ஊன்றுங்கள். அந்தக் கையாலும் வலது முழங்கையாலும் தரையைத் தள்ளி எழுந்து, ஒருபக்கமாகச் சாய்ந்து உட்காருங்கள். அங்கிருந்து முட்டி போட்டு, கைகளை ஊன்றித் தவழும் நிலைக்கு வாருங்கள். முட்டிக்குக் கீழே மடித்த போர்வை இருக்கட்டும். சுவரோடு ஒட்டிய நாற்காலிவரை தவழ்ந்து போய், இரண்டு கைகளையும் இருக்கையின் மேல் வையுங்கள். இரண்டு முட்டியில் எது வலிக்காத பக்கமோ, அந்தப் பாதத்தை முன்னால் கொண்டுவந்து முழுதாகத் தரையில் பதியுங்கள். மூச்சை விட்டபடி கைகளால் இருக்கையை அழுத்தி எழுந்து, அப்படியே திரும்பி நாற்காலியில் உட்காருங்கள். ஒரு நிமிஷம் கழித்துத்தான் நிற்க வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். இருக்கையை அழுத்தாமல் முதுகுச் சாய்மானத்தைப் பிடித்து இழுப்பார்கள், பிளாஸ்டிக் நாற்காலி கவிழும். அல்லது முன்பாதத்தைப் பாதிதான் கொண்டுவருவார்கள், குதிகால் தரையில் படாது. அந்த நிலையில் முட்டிக்குப் பாரம் கூடும். முதல் சில நாட்கள் பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது மட்டும் பழகுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும். முட்டி போடவே முடியாதவர்கள் உட்கார்ந்தபடி மாடிப்படிவரை நகர்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றிப் படி படியாக மேலேறி, நாற்காலி உயரம் வந்ததும் கைப்பிடியைப் பிடித்து நிற்கலாம்.

நிஜமாகவே வழுக்கி விழுந்தால் அவசரப்பட்டு எழக் கூடாது. இடுப்பில் கடும் வலியோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியோ இருந்தால் அசையாமல் 108-ஐ அழையுங்கள். அதனால் போன் எப்போதும் தரையிலிருந்து கை எட்டும் உயரத்தில் இருக்கட்டும். அலமாரி மேல்தட்டில் இருக்கும் போன் விழுந்தவருக்கு உதவாது.

கே: இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். டிவி பார்த்து கபாலபாதி செய்கிறேன். முடிந்ததும் தலை சுற்றுகிறது. தொடரலாமா?
– வாசகர், திருநெல்வேலி

ப: நிறுத்திவிடுங்கள். வேகவேகமாக மூச்சு விடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் மூன்றுமே உங்களுக்கு வேண்டாம். மூச்சை அடக்கி முக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மாறாக, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், ஐந்து நிமிஷம். ஆறு வரை போகவில்லை என்றால் மூன்றும் நாலும் போதும். சவாசனம் முடிந்து நேராக எழாதீர்கள்: ஒருக்களித்து, உட்கார்ந்து, ஒரு நிமிஷம் பொறுத்து எழுங்கள். மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படுத்து எழும்போது அழுத்தம் திடீரென்று இறங்கலாம். தலைசுற்றல் அதற்குப் பிறகும் இருந்தால் மாத்திரை அளவைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். காலையில் அளக்கும்போது 180/110-க்கு மேல் காட்டினால் அன்று பயிற்சி கிடையாது.

குளுக்கோமா உள்ளவர்களும் இதைப் படித்துவிடுங்கள். தலை இதயத்துக்குக் கீழே போகும் ஆசனங்கள் கண்ணழுத்தத்தை ஏற்றும். சிரசாசனம் மட்டுமல்ல, குனிந்து தரையைத் தொடுவதும், கைகளையும் பாதங்களையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனமும் அந்த வகைதான்.

கே: எலும்பு அடர்த்தி பரிசோதனையில் டி-ஸ்கோர் மைனஸ் 2.8 என்று வந்தது. வகுப்பில், கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனம் செய்யச் சொல்கிறார்கள்.
– வாசகி, ஈரோடு

ப: செய்ய வேண்டாம். மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் வந்தால் எலும்பு அடர்த்தி குறையும் ஆஸ்டியோபோரோசிஸ் நோய். முதுகை வளைத்துக் குனியும்போது முதுகெலும்புக் கட்டைகளின் முன்பக்கம் நசுங்கும். வலுவிழந்த எலும்பு அங்கே ஆப்பு வடிவில் உடையலாம். சில சமயம் வலிகூடத் தெரியாது, உயரம் குறைவதில்தான் தெரியவரும். குனிய வேண்டிய இடத்தில் இடுப்பிலிருந்து மடங்கப் பழகுங்கள். துடைப்பக் குச்சியோ கம்போ எடுத்து முதுகோடு நேராகப் பிடியுங்கள். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் கம்பில் படும்படி வைத்து, முட்டியை லேசாக மடக்கிக் குனியுங்கள். மூன்றில் ஒன்று கம்பை விட்டு விலகினால் அங்கேயே நிறுத்துங்கள், அதுதான் உங்கள் எல்லை. தண்ணீர்க்குடம் தூக்கும்போதும் இதே மடக்கு. படுத்துக் கால்களைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனமும், உட்கார்ந்து உடம்பை முழுதாக முறுக்குவதும் வேண்டாம். இதை வகுப்பு தொடங்கும் முன்பே ஆசிரியரிடம் சொல்லுங்கள். சொன்ன பிறகும் "மெதுவா செய்யுங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்பவரிடம் தொடராதீர்கள்.

கே: எங்கள் அபார்ட்மென்டில் ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பதினொரு பேர் மொட்டை மாடியில் யோகா ஆரம்பித்தோம். மூன்றாம் வாரம் நாலு பேராகிவிட்டோம். எப்படி நிலைக்க வைப்பது?
– வாசகி, மதுரை

ப: வராமல் நின்ற ஏழு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். சோம்பல் என்று பதில் வருவது அரிது. பெரும்பாலும், வேகமாகச் செய்யும் ஒருவர் வகுப்பின் வேகத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார், முட்டி வலிக்காரர் மட்டும் ஓரமாக நாற்காலியில் இருப்பார். நாலு நாள் அப்படித் தனித்துத் தெரிந்தால் ஐந்தாம் நாள் அவர் மாடி ஏறமாட்டார். அதனால் பதினொரு பேருக்கும் பதினொரு நாற்காலி போடுங்கள், நன்றாகச் செய்பவர்களும் சேர்த்து. முதல் பதினைந்து நிமிஷம் எல்லோருக்கும் நாற்காலிப் பயிற்சி. பிறகு தரைக்குப் போகிறவர் போகட்டும், மற்றவர் அதே அசைவை நாற்காலியில் செய்யட்டும்.

நேரத்தைக் குரூப்பில் தினமும் பேசி முடிவு செய்யாதீர்கள். திங்கள், புதன், வெள்ளி காலை 6 மணி என்றால் இரண்டு பேர் வந்தாலும் 6 மணிக்குத் தொடங்க வேண்டும். வரிசை ஒரே தாளில் எழுதியிருக்கட்டும். மூன்று பேர் அதை நடத்தப் பழகியிருக்கட்டும். நடத்துபவர் மகள் பிரசவத்துக்குப் போனதோடு நின்றுபோன குழுக்கள் நிறைய. வராதவரை வாட்ஸ்அப்பில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், அது அதட்டலாகத் தெரியும். பக்கத்துப் பாயில் இருப்பவர் போகும் வழியில் கதவைத் தட்டி "என்ன, காய்ச்சலா?" என்று கேட்டாலே போதும். தனியாக இருப்பவர்களுக்கு இந்தக் கதவுத் தட்டல் ஒரு பாதுகாப்பும்கூட. முடிந்ததும் பத்து நிமிஷம் காபிக்கு ஒதுக்குங்கள். அதை வெட்டிப்பேச்சு என்று குறைக்க வேண்டாம். பலர் அதற்காகவே ஏறி வருவார்கள், வந்த பிறகு பயிற்சியும் நடக்கும்.

இடத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டை மாடியில் பாசி பிடிக்கும். அந்த மாதங்களுக்கு வராந்தாவையோ கார் நிறுத்தும் இடத்தையோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள். டைல்ஸ் மேல் ஜமுக்காளம் வழுக்கும். 6 மில்லிமீட்டர் ரப்பர் பிடிப்புள்ள பாய் நல்லது. அதைவிடத் தடிமனான பஞ்சுப் பாய் முட்டிக்குச் சுகம், ஆனால் ஒற்றைக் காலில் நின்றால் தள்ளாடும். ஒவ்வொருவருடைய மாத்திரை, பழைய ஆபரேஷன், வீட்டாரின் போன் எண் எல்லாம் ஒரு தாளில் எழுதி, நடத்துபவர் கையில் இருக்கட்டும். பயிற்சி நடுவே மார்பு இறுக்கமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ வந்தால் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-க்கு அழையுங்கள்.

கே: சர்க்கரை நோய்க்கு இன்சுலின். வெறும் வயிற்றில்தான் யோகா செய்ய வேண்டும் என்கிறார்களே?
– வாசகர், வேலூர்

ப: உங்களுக்கு அந்த விதி பொருந்தாது. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் தொடங்கும் முன் இரத்தச் சர்க்கரையை அளந்து, 100-க்குக் கீழே இருந்தால் ஒரு சின்ன வாழைப்பழம் சாப்பிட்டுச் செய்யுங்கள். பையில் சர்க்கரை இருக்கட்டும். நடுக்கம், வியர்வை வந்து 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை, அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். பாதம் மரத்திருப்பவர்கள் ஒற்றைக்கால் ஆசனங்களைச் சுவரைத் தொட்டபடியே செய்யட்டும்.

கே: தினமும் யோகா செய்தால் நடைப்பயிற்சி வேண்டாமா?
– வாசகர், காரைக்குடி

ப: வேண்டும். மெதுவான ஆசனங்கள் மூச்சு வாங்க வைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான வேக உழைப்பைச் சொல்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சியை வாரம் மூன்று நாளாவது செய்யச் சொல்கிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நடையின் வேகம் அந்த அளவு.

கே: சேலையில் செய்யலாமா?
– வாசகி, பழனி

ப: நாற்காலிப் பயிற்சிக்குத் தாராளமாகச் செய்யலாம். தரையிலிருந்து எழும்போதுதான் கொசுவத்தின் ஓரம் முன்பாதத்தின் அடியில் மாட்டும். கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள், அல்லது அந்த அரை மணி நேரத்துக்குச் சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள்.