ஆண் பிள்ளைகளையும் உட்காரவைத்து நடத்த வேண்டிய பாடம்

அரசுப் பள்ளிகளில் முழுமையான பாலியல் கல்வி தேவையா, அது பிள்ளைகளைக் கெடுத்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில், கட்டாயம் தேவை என்பதே என் பதில்.

பாடமே இல்லை என்று சொல்ல முடியாது. எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவமடைதலும் பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கமும் இருக்கின்றன. உறுப்புகளையும் ஹார்மோன்களையும் அவை விளக்குகின்றன. ஆனால் உறவினர் ஒருவர் தகாத முறையில் தொட்டால் யாரிடம் சொல்வது, ஒருவரின் சம்மதத்தை எப்படி மதிப்பது என்பவற்றையும் வகுப்பறையில்தான் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

என்னை மிகவும் வருத்துவது ஆண் பிள்ளைகளின் நிலை. மாதவிடாய் பற்றிப் பேச நேர்ந்தால் அவர்களை வெளியே அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தூத்தூர், வள்ளவிளை போன்ற கடலோர ஊர்களில் ஆழ்கடலுக்குச் செல்லும் தந்தையர் வாரக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களிலோ பல தந்தையர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். தாயிடம் கேட்கக் கூசும் மகனுக்குக் கைப்பேசியில் வரும் ஆபாசக் காணொளியே ஆசிரியராகிவிடுகிறது. துன்புறுத்தலுக்கு ஆளாவதும் பெண் குழந்தைகள் மட்டுமல்லர். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகக் கூறியோர் 53 விழுக்காட்டினர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் ஆண் குழந்தைகள், பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இரு பாலாரையும் காக்கிறது என்பதும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம் என்பதும் அந்தச் சிறுவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

கெட்டுப்போவார்கள் என்ற அச்சத்துக்குச் சான்று இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டி, இக்கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே பாலுறவில் ஈடுபட வைப்பதில்லை என்றே கூறுகிறது. சமயம் தடுக்கும் என்பாரும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை திருமணத்துக்கு முன் தயாரிப்பு வகுப்பு நடத்துவது நம் மாவட்டத்தில் பலரும் அறிந்ததே. இல்லறத்தைப் பற்றி இருபத்தைந்து வயதில் பேசலாம் என்றால், பாதுகாப்பைப் பற்றி ஆறு வயதில் பேசுவதில் என்ன பிழை? ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன் உடலைக் காப்பதும், பத்து வயதில் பருவ மாற்றமும், பதினைந்தில் சம்மதமும் கருத்தடையும் நோய்த் தடுப்பும் என்று வயதுக்கேற்பத்தான் இது வளர வேண்டும். அதற்குக் கூச்சமின்றிப் பேச ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி வேண்டும்.

உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், எட்டாம் வகுப்பின் அந்தப் பாடம் மாணவர்களையும் மாணவியரையும் ஒன்றாக அமரவைத்து முழுமையாக நடத்தப்பட்டதா என்று கேளுங்கள்.