டிஎன்ஏ சான்று காட்டி விற்கும் மாங்கன்று: கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் ஒரு ஏக்கரில் அல்போன்சா வைக்கப் போகிறேன். ஒரு வியாபாரி “டிஎன்ஏ பார்த்த ஒட்டுக்கன்று” என்று ஒரு தாளைக் காட்டி, கன்றுக்கு 60 ரூபாய் அதிகம் கேட்கிறார். அல்போன்சா கொட்டையில் முளைத்த கன்று என்றால் மலிவாகவே தருகிறாராம். எதை வாங்கலாம்?

பதில்: கொட்டைக்கன்று வேண்டவே வேண்டாம். மாமரத்தின் ஒவ்வொரு செல்லிலும் 40 குரோமோசோம்கள். அவற்றுக்குள் முறுக்கிய இரட்டை இழையாக இருப்பதுதான் டிஎன்ஏ. அடினைனுக்கு எதிரே தைமின், குவானைனுக்கு எதிரே சைட்டோசின் என்று நான்கே காரங்கள் (வேதிக்கூறுகள்). அவை அமைந்திருக்கும் வரிசைதான் இது எந்த ரகம் என்பதைத் தீர்மானிக்கிறது. கொட்டை உருவாகும்போது தாய்மரத்திடமிருந்து 20 குரோமோசோம்தான் வருகிறது, அதுவும் சீட்டுக்கட்டைக் கலைத்ததுபோல் கலைந்து. மீதி 20 மகரந்தத்திலிருந்து. அந்த மகரந்தம் பக்கத்துத் தோப்பில் நிற்கும் பெங்களூரா என்ற வேறு ரகத்துடையதாகவும் இருக்கலாம். அதில் அல்போன்சா காய்க்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஒட்டு என்பது தாய்மரத்தில் வெட்டிய குச்சியை வேறொரு செடியின் மேல் பொருத்தி வளர்ப்பது, அதில் இந்தக் கலப்பு இல்லை. செல் பிரியும்போது இரண்டு இழைகளும் விலகி, ஒவ்வொன்றும் தனக்கு எதிர் இழையைக் கட்டிக்கொள்வதால் தாய்மரத்தின் வரிசை அப்படியே தொடர்கிறது. ஆனால் இது ஒட்டுக்கு மேலேதான். கீழே இருக்கும் வேர்ச்செடியின் டிஎன்ஏ வேறு. வாங்கும்போது தண்டில் ஆப்பு வடிவத் தழும்பும் பட்டை சுற்றிய தடமும் தெரிகிறதா என்று பாருங்கள். நட்ட பிறகு தழும்புக்குக் கீழே துளிர்த்தால் உடனே கிள்ளிவிடுங்கள்.

இனி அந்தத் தாள். தாய்மரத்தை ஒருமுறை சோதித்தால் போதும், அதில் எடுத்த ஒட்டுக்குச்சி எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். உங்கள் கன்றின் குச்சி அந்த மரத்தில் எடுத்ததுதானா என்பதைத்தான் தாள் சொல்லாது. எந்த ஆய்வகம், எந்தத் தேதி, எந்த மரம் என்று கேளுங்கள். மரத்தைக் காட்ட மறுத்தால் அந்த 60 ரூபாயைக் கொடுக்காதீர்கள். சோதனை ரகத்தை மட்டுமே சொல்லும். ஒரு வருடம் காய்த்து மறுவருடம் ஏமாற்றும் அல்போன்சாவின் குணம் எந்தச் சான்றாலும் மாறாது.

பில்லில் வெறும் “மாங்கன்று” என்று எழுதினால் ஏற்காதீர்கள், “அல்போன்சா ஒட்டு” என்றே இருக்கட்டும். ஒட்டு காய்க்கவே மூன்று, நான்கு வருடம் ஆகும். நுகர்வோர் புகாருக்கோ, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுதான் கெடு. அதனால் சந்தேகம் வந்தால் காய்க்காகக் காத்திருக்காதீர்கள். ஒட்டுக்கு மேலுள்ள இலையிலும் கனியின் சதையிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ, இலையையே சோதனைக்குக் கொடுக்கலாம். ரகம் மாறியிருந்தால் பில்லோடும் முடிவோடும் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. முதலில் விவரம் கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம்.