என் இலக்கு 54 கிலோவா?

கேள்வி: எனக்கு 46 வயது, உயரம் 154 செ.மீ. ஆறு மாதமாக நடந்து, சாப்பாட்டைக் கவனித்து 70 கிலோவிலிருந்து 66க்கு வந்திருக்கிறேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 5.8. ஆனாலும் மொபைல் ஆப்பில் போட்டால் ‘பிஎம்ஐ 27.8, உடல் பருமன், 54 கிலோவுக்கு வர வேண்டும்’ என்று வருகிறது. இரண்டு வாரமாக ராத்திரி வெறும் காய்கறி ஜூஸ்தான். பகலிலேயே களைப்பாக இருக்கிறது. என் கணவருக்கு 51 வயது, 170 செ.மீ., 66 கிலோ. நல்ல தொப்பை. பிஎம்ஐ 22.8 என்பதால் ‘நான் நார்மல்’ என்கிறார், எந்த டெஸ்ட்டும் எடுத்ததில்லை. பிஎம்ஐயை வைத்து எடை இலக்கை முடிவு செய்யலாமா, டாக்டர்?
– திருச்சி வாசகி

மருத்துவர் பதில்: இன்று ராத்திரி ஜூஸை விட்டுவிட்டு ஒழுங்காகச் சாப்பிடுங்கள், அம்மா. ஆறு மாதத்தில் நான்கு கிலோ குறைத்து, முழங்கால் வலியையும் குறைத்துக்கொண்ட உங்களை ஒரு ஆப் தோற்றுப்போனவராக நினைக்க வைத்திருக்கிறது. எனக்கு அதுதான் வருத்தம்.

கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ. 1830களில் இந்தக் கணக்கைப் போட்ட பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே வானியலும் புள்ளியியலும் படித்தவர், மருத்துவர் அல்ல. பெரிய மக்கள்கூட்டத்தின் சராசரி மனிதனைத் தேடினாரே தவிர, யாருக்கும் எடை நிர்ணயம் செய்யவில்லை. அந்த எண்ணில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு இருப்பது வயிற்றிலா தொடையிலா என்ற விவரமே கிடையாது.

அதற்காகப் பிஎம்ஐ வீண் என்று சொல்ல மாட்டேன். இந்தியர்களுக்கு 23லிருந்தே அதிக எடை, 25லிருந்து உடல் பருமன் என்றுதான் நாங்கள் கணக்கு வைக்கிறோம். வெள்ளைக்காரர்களுக்கான 25, 30 நமக்கு ஒத்துவராது. அதே பிஎம்ஐயில் நமக்குக் கொழுப்பு அதிகம். ஆக 27.8ஐ அலட்சியம் செய்யாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், கல்லீரல் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று பார்க்கச் சொல்லும் எண் அது. எத்தனை கிலோவில் நிற்க வேண்டும் என்பதை அதனிடம் கேட்கக் கூடாது.

வேறு எதை வைத்து இலக்கு போடுவது? அமெரிக்காவில் நடந்து 2002ல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்குக் கொடுத்த இலக்கு பிஎம்ஐ அல்ல. தொடக்க எடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும், வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வேண்டும், அவ்வளவுதான். நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. நம் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. அதில் நடையும் உணவு மாற்றமும் சர்க்கரை நோயை 28.5 சதவீதம் குறைத்தன. இத்தனைக்கும் அந்த ஆய்வில் பங்கேற்றவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடை மெஷின் அசையாத நாட்களில் மனம் சோர்ந்து வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் 70 கிலோவில் 7 சதவீதம் 4.9 கிலோ. நான்கை முடித்துவிட்டீர்கள். 65 கிலோ உங்கள் முதல் இலக்கு. அங்கே வந்ததும் மூன்று மாதம் அதே எடையில் நின்று, ஹெச்பிஏ1சியை மறுபடி பாருங்கள். 5.7க்குக் கீழே வந்து, இடுப்பளவும் இறங்கியிருந்தால், அடுத்த இரண்டு கிலோவை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டினி வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்லக் காரணம் தசை. அரைவயிற்றோடு இறக்குகிற எடையில் தசையும் சேர்ந்து போகும், பிஎம்ஐ அதையும் முன்னேற்றமாகவே காட்டும். உங்கள் வயதில் போன தசை லேசில் திரும்பாது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கையை ஊன்றாமல் எழ முடிகிறதா, பாருங்கள். சோற்றைக் குறைத்த இடத்தில் முட்டை, மீன், சுண்டல், கெட்டிப் பருப்பு வரட்டும். நடையோடு, நாற்காலியிலிருந்து கை வைக்காமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சாப்பிட ஆரம்பித்தும் களைப்பு விடாவிட்டால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் கணவர். உங்களை விட அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 2004ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் பக்கத்தில் பக்கமாக வந்தது. ஒருவர் லண்டனின் ஜான் யுட்கின், இன்னொருவர் புனேயின் யாஜ்னிக். இருவருக்கும் பிஎம்ஐ 22.3தான். உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னே தள்ளியிருக்கும் நம் ஆண்களின் உடல்வாகுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ‘நார்மல்’ என்று பரிசோதனையைத் தள்ளிப்போட்டு, நேராகச் சர்க்கரை 280ல் என் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் பலர்.

அவரிடம் வாதாட வேண்டாம், தையல் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். பேண்ட் சைஸைச் சொல்லித் தப்பிக்க விடாதீர்கள். தொப்பைக்குக் கீழே பேண்ட் போட்டுக்கொண்டு ‘34தான் டாக்டர்’ என்பவருக்கு டேப்பில் 97, 98 செ.மீ. வருவதுண்டு. ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். உயரத்தில் பாதியைத் தாண்டாமல் இருந்தால் இன்னும் நல்லது: அவருக்கு 85, உங்களுக்கு 77.

90ஐத் தாண்டியிருந்தால் இந்த வாரமே வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, கொலஸ்ட்ரால் அளவுகள், ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள். தாண்டாவிட்டாலும் 51 வயதில் ஒரு முறையாவது இவற்றைப் பார்த்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டை உங்கள் குடும்ப மருத்துவரிடம் காட்டும்போது நீங்களும் கூடவே போங்கள். நாளைக் காலை நடைக்குக் கிளம்பும்போது அவரையும் எழுப்பிவிடுங்கள்.