'கர்ய்': நிலத்துக்கா, ஆளுக்கா, பட்ஜெட்டுக்கா?

கேள்வி: ஸ்வீடிஷ் படிக்கிறேன். 'கர்ய்' என்ற பெயரடைக்கு அகராதியில் வறண்ட, சிக்கனமான, கடுமையான என்று பல பொருள்கள். 'எத் கர்ய் லன்ட்ஸ்காப்' (ஒரு 'கர்ய்' நிலப்பரப்பு) என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். எது தவறு? அரசின் சிக்கன பட்ஜெட்டுக்கும் இதே சொல் பொருந்துமா?

பதில்: உங்கள் உச்சரிப்பு சரி. karg என்ற எழுத்தைப் பார்த்து 'கார்க்' என்று வாசிப்பவர்கள்தான் அதிகம். 'ர்' ஒலிக்குப் பின் சொல்லின் கடைசியில் 'ஜி' எழுத்து வந்தால் 'ய்' என்றே ஒலிக்கும். யொத்தெபொர்ய் (ஆங்கிலத்தில் கோதன்பர்க்) நகரின் பெயரில் கேட்பதும் அதுதான்.

பிழை இலக்கணத்தில். ஸ்வீடிஷில் பெயர்ச்சொற்கள் 'என்', 'எத்' என்று இரண்டு வகை. லன்ட்ஸ்காப் 'எத்' வகைப் பெயர். பெயரடைக்கும் 'த்' ஏற வேண்டும்: 'எத் கர்ய்த் லன்ட்ஸ்காப்'. 'குஸ்த்' (கடற்கரை) 'என்' வகை என்பதால் 'என் கர்ய் குஸ்த்'. பன்மைக்கு 'கர்ய': 'கர்ய க்லிப்புர்', பாறைகள். பலர் சறுக்குவது அடுத்த இடத்தில். 'அந்த' என்று சுட்டியதும் 'த்' போய்விடும், ஒருமையிலும் 'கர்ய'தான்: 'டே கர்ய லன்ட்ஸ்காபெத்'. ஒப்பிட்டால் கர்யரெ, கர்யஸ்த்.

பொருளுக்கு வருவோம். 'வறண்ட' என்பது பாதி வழிதான் கொண்டுபோகும். ஸ்வீடனின் மேற்கே பூஹுஸ்லேன் கடற்கரையின் கருங்கல் பாறைகளில் மழைக்குக் குறைவில்லை, ஆனாலும் அது 'கர்ய்'. குறை மண்ணில். ஏலன்ட் தீவின் ஸ்தூரா அல்வாரெத் சமவெளியில் சுண்ணாம்புப் பாறைமேல் மண் மெல்லிய படலம்தான், மரம் வேர்பிடிக்காது. 'தரிசு' என்றாலும் சரிவராது, தரிசை உழுது விளைய வைக்கலாம். கீழ் ஜெர்மன் மொழியிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு அங்கே 'கஞ்சம்' என்று பொருள். நிலம் கஞ்சப்படுகிறது என்று வைத்துக்கொண்டால் பிடிபட்டுவிடும்.

இன்று கஞ்சனைக் குறிக்க 'ஸ்னோல்' என்பார்கள். 'ஊட்கர்ய்' என்றால் அளந்து பேசுகிறவர்; 'ஊட்' என்பது சொல். அலங்காரமில்லாத எழுத்து நடையையும் 'கர்ய்' எனலாம், பெரும்பாலும் பாராட்டாகவே.

பட்ஜெட்டுக்கு இது வேண்டாம். 'ஸ்த்ராம்' (இறுக்கமான) போடுங்கள்: 'என் ஸ்த்ராம் பட்ஜெட்'. அரசின் செலவுக் குறைப்புக்கு 'ஓத்ஸ்த்ராம்னிங்'. நாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்கிறோமே, அந்த இடத்தில் ஸ்வீடன்காரர்கள் இடுப்புவாரை இறுக்குவதாகச் சொல்வார்கள்.